அம்மன் நிலத்துக்கு நான் போட்ட விண்ணப்பம்

உன் பேருந்து செங்கல்பட்டு சாலையில் திரும்பி மறைந்த பிறகும் நான் கொஞ்ச நேரம் நிலையத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். சன்னலோரம் உட்கார்ந்திருந்த நீ கையசைத்தாய். ஆனால் முகத்தை முழுதாக என் பக்கம் திருப்பவில்லை. புளிசாதப் பொட்டலத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாய், "சாப்பிடறேம்மா" என்றாய், அவ்வளவுதான். இருபத்திரண்டு வயதில் கிராம நிர்வாக அலுவலராகி, முன்பின் பார்த்திராத ஒரு மாவட்டத்துக்குப் போகிற பிள்ளையை இப்படியா அனுப்பினோம் என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன். வேறு யாராவது உன்னிடம் சொல்வதற்கு முன்பு நானே சொல்லிவிடுகிறேன். நீ வேண்டாம் என்று சொன்னதை, நீ போன பிறகு வந்த வியாழக்கிழமையன்று செய்துவிட்டேன். பொன்னியக்காவின் பெயரில் அந்தப் பொய்யான விண்ணப்பத்தை எழுதியது நான்தான் என்று அதிகாரியிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். தொலைபேசியில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கு அழுகை வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். என் சுபாவம் உனக்குத் தெரியும். கல்யாண வீட்டில்கூட மூலை நாற்காலி தேடுகிறவள் நான். ஆனால் பொன்னியக்காவை ஊரே கேட்கும்படி பேசினார்கள். அதற்கான பதிலை மட்டும் உறைக்குள் போட்டு ஒட்டி மகனுக்கு அனுப்புவது நியாயமாகப் படவில்லை. பெயரை மாற்றி எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "பேர மாத்துனா அப்புறம் கதையே இல்லியேம்மா. பேராலதான வெனையே வந்துது. எழுது. இந்த தரமாச்சும் சரியா எழுது" என்றார்.

உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம். கல்லூரியில் உன்னைச் சேர்க்க வந்தபோது அங்கே இருந்தவர் என்னைப் பார்த்து "அக்காவா?" என்று கேட்டார், நீ முகம் சிவந்து நின்றாய். நானும் நீயும் ஒன்றாகத்தான் வளர்ந்தோம் என்று பல நாள் தோன்றியிருக்கிறது. அதனால் உனக்குப் புத்தி சொல்ல எனக்குக் கூச்சம். என்ன நடந்தது என்பதை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன். அதில் உன் வேலைக்கு ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்.

ஊர்க் கூட்டுறவு சொசைட்டியில் நான் கணினி முன்னால் உட்கார்ந்த புதிதில்தான் விவசாயிகளுக்கு வருடத்துக்கு மூன்று தடவை இரண்டாயிரம் ரூபாய் வங்கியில் போடும் திட்டம் வந்தது. ஊரில் அதற்கு "ரெண்டாயிரம்" என்றே பெயர். ஆதார், வங்கிப் புத்தகம், சிட்டா நகல், இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே வாசலில் வந்து நிற்பார்கள். நிலம் யார் பெயரில் என்று காட்டும் அந்தச் சிட்டாவை எடுத்துக் கொடுப்பது என் வேலை. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுப்பது என் வேலை இல்லை. ஆனால் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன். "கம்ப்யூட்டரம்மா" என்று என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த நாட்களில்தான் விவசாயி என்ற சொல்லுக்கு எனக்குப் புது அர்த்தம் தெரிந்தது. அந்தத் தாளில் விவசாயி என்றால் பட்டாவில் பெயர் இருப்பவர். ஒரகடத்துக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, நிலத்தின் பக்கம் எட்டிப் பார்த்தே பல வருடம் ஆன ஒருவர் மோட்டார் சைக்கிளை அணைக்காமல் வந்து நகல் வாங்கிக்கொண்டு போவார். அவர் விவசாயி. அவருக்குப் பின்னால் முழங்கால் வரை சேறு காய்ந்த காலோடு வரிசையில் நின்ற பொன்னியக்கா விவசாயி இல்லை.

பொன்னியக்கா பயிர் வைக்கிற நிலம் ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிறது. ஓர் ஏக்கருக்கும் குறைவு. ஏரியில் தண்ணீர் நின்றால் நெல், இல்லாவிட்டால் வேர்க்கடலை. அது நம் ஊர் பொன்னியம்மன் கோயிலுக்கு யாரோ எழுதி வைத்த மானியம்; பட்டா அம்மன் பெயரில். அக்காவின் மாமனார் அதைக் குத்தகைக்கு எடுத்தார். அவர் போய்விட்டார், பிறகு அக்காவின் வீட்டுக்காரர் முனுசாமியும் போய்விட்டார். குத்தகை ரசீது இன்றுவரை மாமனார் பெயரிலேயே வருகிறது. இறந்தவர் பெயரில் வருடா வருடம் கட்டி, இறந்தவர் பெயரில் ரசீது வாங்கி, அந்த நிலத்தில் நாற்று விட்டதும் களை எடுத்ததும் அறுத்ததும் பொன்னியக்காதான். அம்மன் பெயரையே பெண்ணுக்கு வைப்பது நம் ஊரில் வழக்கம். மூன்று வீட்டுக்கு ஒரு பொன்னி இருப்பாள். அவரும் ஒரு பொன்னியம்மாள்.

அவர் என் முன்னால் வந்து நின்ற முதல் நாள் நடந்த பேச்சு அப்படியே நினைவிருக்கிறது.

"நெலம் யார் பேர்ல இருக்குதோ அவங்களுக்குத்தாங்க்கா வரும்" என்றேன்.

"நெலம் அம்மன் பேர்ல இருக்குது."

"அப்ப உங்களுக்கு வராதுக்கா. நீங்க குத்தகைதாரர்."

"ஏம்மா, நடறவ நானு, அறுக்கறவ நானு. அம்மன் எங்க வந்து களை எடுத்துது?"

வரிசையின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "பொன்னி, அம்மனையே பேங்க் புக்க எடுத்துக்கினு வரச் சொல்லு."

"வரும், வரும். ஆதார்ல போட்டோ எடுக்க எட்டு கையும் மடக்கிக்கினு உக்காரணுமே, அதான் ரோசன பண்ணுது" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டேதான் திரும்பிப் போனார். ஆனால் அடுத்த வாரம் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். ஏதாவது மாறியிருக்கும் என்று நினைத்தார் போல.

ஒருநாள் மதியம், கூட்டம் இல்லாத நேரத்தில், சர்வே எண்ணைப் போட்டு அக்கா பயிர் வைக்கும் நிலத்தின் சிட்டாவை எடுத்துப் பார்த்தேன். பழைய கைக்கணக்கைக் கணினியில் ஏற்றிய யாரோ ஒருவர் கடைசி இரண்டு எழுத்தை மாற்றி அடித்திருந்தார். பொன்னியம்மன் என்று இருக்க வேண்டிய இடத்தில் பொன்னியம்மாள் என்று இருந்தது. பக்கத்தில் தகப்பனார் அல்லது கணவர் பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. நம் பக்கத்தில் யாராவது ஒருவருக்கு மகளாகவோ மனைவியாகவோ இல்லாமல் ஒரு பெண் பெயர் பட்டாவில் ஏறாது. அந்த இடம் காலியாக இருக்கிறதென்றால் அது அம்மன் மட்டும்தான். அதைப் பார்த்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள், ஏனென்றால் பிறகு பல பேர் எனக்காகச் சொன்ன சமாதானம் "தெரியாம நடந்த தப்பு" என்பதுதான். தெரியாமல் நடக்கவில்லை. நகலை எடுத்தேன், விண்ணப்பத்தை என் கையால் எழுதினேன், "பொன்னியம்மாள், க/பெ முனுசாமி" என்று நிரப்பினேன், அக்காவைக் கூப்பிட்டுப் பெருவிரலை வைக்கச் சொன்னேன்.

"அம்மன் நெலம்னு சொன்னியேம்மா?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டர்ல உங்க பேர்னே இருக்குதுக்கா" என்றேன்.

அவர் கிழக்கே கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மனே தன் நிலத்தை இவர் பெயருக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறார். நான் திருத்தவில்லை. அன்று இருந்த நெரிசலில் அந்தத் தாளை யாரும் நிலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பணம் வந்தது. ஒரு கூடை பச்சை வேர்க்கடலையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார், நாமெல்லாம் வேகவைத்துத் தின்றோம். அநியாயமான விதியை நான் ஒருத்தி சரிசெய்துவிட்டேன் என்று உள்ளுக்குள் பெருமை. இரக்கத்தால் செய்தேன் என்று சொல்லிக்கொள்வது சுலபம். இரக்கம் பாதி, என் புத்திசாலித்தனத்தை நானே ரசித்தது மீதி. இரக்கம் மட்டும் இருந்திருந்தால், குத்தகையை அவர் பெயருக்கு மாற்ற ஒரு மனு எழுதிக் கொடுத்திருப்பேன். அதற்கு நான்கு இடம் அலைய வேண்டும். இதற்கு ஒரு தாள் போதுமாக இருந்தது.

வருடங்கள் போயின. இந்த வருடம் விவசாயிகள் ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுக்கிறோம், அது இருந்தால்தான் இனி ரெண்டாயிரம் வரும் என்று சொல்லி நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். உதவிக்கு என்னையும் ஒரு கணினியோடு உட்காரவைத்தார்கள். எனக்குப் பக்கத்து மேசையில் வேளாண்மைத் துறையிலிருந்து வந்த ஓர் இளம்பெண். பொன்னியக்காவின் முறை அவரிடம் வந்தது. அவர் திரையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். இந்த முறை கோயில் நிலங்களின் பட்டியலும் அவரிடம் இருந்தது.

"இது கோயில் நிலமாச்சேம்மா. உங்க பேர்ல எப்படிப் போட்டீங்க? யார் எழுதிக் குடுத்தது இத?"

பொன்னியக்கா என்னைப் பார்த்தார். நான் அடுத்தவருடைய ஆதார் எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு இலக்கம், இரண்டு தடவை தப்பாக அடித்தேன். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது மேடம். டவுன்ல யாரோ ஒரு ஆளு போட்டுக் குடுத்தாரு" என்றார்.

"யாரோன்னா யாரு?"

"ஞாபகம் இல்ல மேடம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்க ஒரு நொடி இருந்தது, அது போய்விட்டது. பிறகு வந்த ஒவ்வொரு நாளும் அதைச் சொல்வது முந்தின நாளைவிடக் கடினமாகிக்கொண்டே போனது. சின்ன மௌனத்தை உடைக்காமல் விட்டால் அதன்மேல் வீடே கட்டிவிடலாம் போலிருக்கிறது.

கொஞ்ச நாளில் அக்காவுக்கு நோட்டீஸ் வந்தது. வாங்கிய தவணைகளைத் திருப்பிக் கட்டச் சொன்னது ஒன்று. அதை எப்படியாவது சமாளித்திருக்கலாம். இன்னொன்றுதான் பெரிது. கோயில் நிலத்தைத் தன் சொந்த நிலமென்று காட்டி அபகரிக்க முயன்றதற்காக, நிலத்தை ஏன் திரும்ப எடுத்து வேறு ஒருவருக்கு ஏலம் விடக்கூடாது என்று கேட்டு, விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அந்த முக்கால் ஏக்கர் போனால் அவருக்கு வேறு எதுவும் இல்லை. டீக்கடையில் "அம்மனுக்குப் பதிலா கைநாட்டு வெச்சவ வந்துட்டா" என்று அவர் காதுபடப் பேசினார்கள். அவரும் முதலில் பதிலுக்குப் பதில் பேசிப் பார்த்தார், பிறகு அந்த வழியாக வருவதையே விட்டுவிட்டார்.

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றினோமே, அன்று நீ ஊரில் இல்லை. ஒவ்வொரு வருடமும் கூழுக்குக் கேழ்வரகு மாவு அவர் வீட்டிலிருந்து முதலில் வரும். இந்த வருடமும் எவர்சில்வர் குண்டானில் கொண்டுவந்து அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்தார். கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தவர் அதைத் தொடவில்லை. "நீ எட்த்துக்கினு போ பொன்னி. சாமி துட்டத் தின்னவ வூட்டு மாவு சாமிக்கு வாணாம்" என்று துடுப்பால் கிண்டிக்கொண்டே சொன்னார். அக்கா சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்தானையால் மூடிக்கொண்டு போனார். நான் கையில் சொம்போடு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். என் முறை வந்ததும் கூழை வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் அதைக் குடிக்க முடியாதென்று தெரிந்தது.

நீ பணி ஆணையை வாங்கிக்கொண்டு வந்த மறுநாள் உன்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கெட்ட நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன், ஒப்புக்கொள்கிறேன். நீ சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

"இப்ப போயி எதுக்கும்மா? அந்த அம்மாவே உன் பேரச் சொல்லல. நீ ஏன் வலியப் போயி மாட்டிக்கினு நிக்கிற?"

"அவங்க நிலம் போவுதுடா."

"துட்டுதான? என் மொத சம்பளத்துல நான் கட்டறேன். நீ எழுதிக் குடுத்தா உன் வேல போவும். அதோட நிக்குமா? நான் ஊர் ஊரா சிட்டா அடங்கல்ல கையெழுத்து போடப் போறவன். விஏஓவோட அம்மாவே கோயில் நிலத்துக்குப் பொய் விண்ணப்பம் போட்டவங்கன்னு சொல்ல மாட்டாங்களா?"

நீ சொன்னதில் எதுவும் தப்பில்லை. உன் பயம் உனக்காக மட்டும் இல்லை, எனக்காகவும் என்பது எனக்குத் தெரியும். உன் அப்பா மோரை ஊற்றிச் சாப்பிட்டு முடித்தார். ஏனாத்தூர்க் கல்லூரி வண்டியை ஓட்டி ஓட்டி, சத்தத்துக்கு நடுவில் பேசாமல் இருக்கப் பழகிய மனிதர். நீ எழுந்து போன பிறகு "விசாரணை என்னிக்கு?" என்று கேட்டார். வியாழக்கிழமை என்றேன். "வண்டிக்கு லீவு சொல்லிர்றேன். கூட வரேன்" என்றார். அதற்குமேல் நம் வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

நீ ஏழாம் வகுப்பில் படிக்கும்போது ஒரு பையனுடைய அறிவியல் நோட்டைப் பார்த்து எழுதினாயே, நினைவிருக்கிறதா? ஆசிரியை இரண்டு பேர் நோட்டையும் பார்த்துவிட்டு, நீ நன்றாகப் படிக்கிறவன் என்பதால், அவன்தான் பார்த்து எழுதினான் என்று அவனை வெளியே நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாய். மறுநாள் காலையில் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த ஆசிரியை முன்னால் நிறுத்தினேன். வழியெல்லாம் அழுதாய். "நாளைக்கு சொல்றேம்மா, நாளைக்கு சொல்றேம்மா" என்று கெஞ்சினாய். அன்று என் மனம் கொஞ்சமும் இளகவில்லை. நல்ல தாய் என்றுகூட என்னை நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை உண்மையின் முன்னால் இழுத்துக்கொண்டு போவது எவ்வளவு சுலபம். என்னை இழுத்துக்கொண்டு போக யாரும் இல்லாததால் எனக்கு அத்தனை மாதம் ஆயிற்று. உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது அதற்காகத்தான். அங்கே போனது சரி. அந்த வழி எவ்வளவு நீளம் என்று தெரியாமல் உன்னை நடக்க வைத்தது தப்பு.

வியாழக்கிழமை உன் அப்பா, பொன்னியக்கா, நான் மூன்று பேரும் பெரிய காஞ்சிபுரத்தில் இறங்கினோம். பொன்னியக்காவிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. துணைக்கு வருகிறேன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். இறங்கியதுமே ஓர் ஆட்டோக்காரர் வழிமறித்தார். "கல்யாணப் பட்டுப் புடவையாக்கா? வாங்க, தறிக்காரங்க வூட்டுக்கே கூட்டிக்கினு போறேன், கடைய விடப் பாதி வெல." அக்கா தன் ரப்பர் செருப்பைக் குனிந்து பார்த்தார். "ஆமாம்பா, எனக்குத்தான் கல்யாணம். நோட்டீஸ் வந்திருக்குது" என்றார். அவ்வளவு மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல் அது. உன் அப்பா சிரித்தேவிட்டார்.

அலுவலகம் ஒரு பட்டுக்கடைக்கு மேல் மாடியில். கோயில் நிலங்களைப் பார்க்கும் அதிகாரி வயதானவர், கடுமையானவர் இல்லை, ஆனால் களைப்பாக இருந்தார். அக்காவிடம் கேட்ட முதல் கேள்வியே முகாமில் கேட்டதுதான்: இதை எழுதியது யார். அக்கா அதே பதிலைச் சொல்ல வாயெடுக்கும் முன் நான் எழுந்து, "நான் எழுதினேன் சார்" என்றேன். எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்த தாளைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"இன்னாம்மா நீ, கம்முனு இரு" என்று அக்கா என் புடவையைப் பிடித்து இழுத்தார்.

அதிகாரி தாளைப் படித்தார். "பேர் குழப்பத்துல தெரியாம போட்டுட்டீங்க, அப்படித்தான?" என்றார். எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். அதற்குள் நுழைந்து வெளியே வந்திருந்தால் வேலையும் மிஞ்சியிருக்கும்.

"தெரிஞ்சேதான் சார் போட்டேன். அவங்களுக்குத்தான் தெரியாது. அவங்க பேர்லயே இருக்குதுன்னு நான்தான் சொன்னேன்."

"இத நான் சொசைட்டிக்கு அனுப்ப வேண்டியிருக்கும்."

"அனுப்புங்க சார்."

அத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். முடியவில்லை. அபகரிக்க நினைத்தார் என்ற பழி தீர்ந்தது. ஆனால் நிலத்தின் சிக்கல் தீரவில்லை. அதிகாரி கேட்டார்: குத்தகை இறந்துபோனவர் பெயரில் இருக்கிறது, பட்டா அம்மன் பெயரில் இருக்கிறது, அங்கே பயிர் வைப்பது இந்த அம்மாதான் என்பதற்கு என்ன ஆதாரம்? அக்கா, "வந்து பாருங்க சார், இப்ப பூ வெச்சிருக்குது" என்றார். அதிகாரி தலையை ஆட்டினார், அது போதாது என்ற பொருளில். நான் எழுதிய தாளால் இனி ஒரு பயனும் இல்லை என்று எனக்குப் புரிந்தது. வேலையையும் விட்டு, நிலத்தையும் காப்பாற்றாமல் திரும்பப் போகிறோம் என்று நினைத்தேன்.

நம் ஊர் கிராமக் கணக்குகளைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்த கிராம உதவியாளர் பழைய அடங்கல் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு சாகுபடிப் பட்டத்திலும் எந்த நிலத்தில் என்ன பயிர், யார் பயிரிடுகிறார் என்று எழுதுகிற புத்தகம் அது என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முக்கால்வாசிப் பக்கங்களில் பட்டாவில் இருந்ததையே பார்த்து நகல் எடுத்திருந்தார்கள். அம்மன் பெயர், அதற்கு நேரே நெல். திடீரென்று ஒரு புத்தகத்தில் அவர் விரல் நின்றது. சாய்வான கையெழுத்தில், "சாகுபடி செய்பவர் பொன்னியம்மாள், க/பெ முனுசாமி, நேரில் பார்த்தது" என்று ஒரு வரி. அடுத்த பட்டத்திலும் அதே கை, அதே வரி. நான்கு வருடம் தொடர்ந்து இருந்தது, பிறகு வேறு கையெழுத்து. அந்த மனிதர் மாற்றலாகிப் போயிருக்க வேண்டும்.

"யார் இது?" என்று அதிகாரி கேட்டார். கிராம உதவியாளருக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்தது, பெயர் மட்டும் தெரியவில்லை; விஏஓவை அவர் இன்னும் மணியக்காரர் என்றுதான் சொல்வார். "சைக்கிள்ல வருவாரு சார் அந்த மணியக்காரரு. வரப்புல செருப்பக் கழட்டி வெச்சிட்டு எறங்குவாரு. நட்டது யாரும்மான்னு கேப்பாரு. அப்பல்லாம் எனக்கு சிரிப்பா வரும், நிக்கறேன் பாக்கறாரு, அப்புறம் ஏன் கேக்கறாருன்னு."

அந்த நான்கு வருடத்து வரிகளை நகல் எடுக்கச் சொன்னார் அதிகாரி. நிலத்தைத் திரும்ப எடுக்க வேண்டாம், குத்தகையை இந்த அம்மா பெயருக்கு மாற்றலாம் என்று மேலே எழுதி அனுப்புவதாகச் சொன்னார். முடிவான ஆணை இன்னும் வரவில்லை. வரும்வரை பயிரை யாரும் தொடக்கூடாது என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார். தவணைகளைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதை அப்பாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம், உன் சம்பளத்தைத் தொடாதே. சொசைட்டியில் செயலாளர் என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார், மரியாதையாகத்தான் சொன்னார்.

கூரத்தில் கிடைத்த பல்லவர் காலத்துச் செப்பேட்டைப் பற்றி ஒருமுறை நூலகத்தில் படித்தேன். நிலம் யாருக்கு, ஏரித் தண்ணீர் எந்த வழியாக என்றெல்லாம் அதில் இருக்கிறது. அதில் நாற்று நட்டவர்களின் பெயரைத் தேடினேன். நான் படித்த அளவில் இல்லை. அன்று அது எனக்கு ஒரு படிப்பாளியின் ஏக்கம், அவ்வளவுதான். பெயர் தெரியாத ஒருவர் சேற்றில் இறங்கிப் பார்த்து எழுதிய ஒரு வரி, எத்தனையோ வருடம் கழித்து ஒரு பெண்ணை அவள் நிலத்தில் நிற்கவைத்ததை வியாழக்கிழமைதான் கண்ணால் பார்த்தேன். நான் இரக்கப்பட்டு எழுதிய பொய் அவரைக் கவிழ்த்தது. அந்த மனிதர் இரக்கமோ கோபமோ இல்லாமல், இருந்ததை இருந்தபடி எழுதியது காப்பாற்றியது. நீ உட்காரப் போவது அவர் உட்கார்ந்த நாற்காலியில். அவ்வளவுதான் நான் சொல்ல நினைத்தது.

திரும்பி வரும்போது, ஊர் நெருங்கும் நேரத்தில் பேருந்தில் அக்கா கேட்டார்.

"நான்தான் சொல்லாம வெச்சிருந்தேனே. நீ ஏன் போயி கெடுத்துக்கின?"

"தாங்கலக்கா."

"எனக்கு மட்டும் தாங்குச்சா?" என்றார். "அந்த முகாம் அன்னிக்குக் காத்தால நீ இன்னா சொன்ன? புள்ளைக்கு சர்டிபிகேட் பாக்கக் கூப்ட்டிருக்காங்க்கா, வேல கெடச்சிரும் போலக்குதுன்னு சொன்ன. மொகமெல்லாம் சிரிப்பா இருந்துது. அந்தப் பொண்ணு யாரு எழுதுனதுன்னு கேட்டப்ப எனக்கு அதான் ஞாபகம் வந்துது. ஒரு புள்ள வேலைக்குப் போவட்டும்னுதான் வாய மூடிக்கினேன்."

அப்படிச் சொன்னதே எனக்கு நினைவில்லை. அக்கா பயத்தால் என் பெயரைச் சொல்லவில்லை, என்மேல் இருக்கும் நன்றியால் சொல்லவில்லை என்றெல்லாம் நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீயும் "அந்த அம்மாவே சொல்லல" என்று சொன்னாய். அவர் நிலம் போனாலும் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டது உனக்காக. ஊர் அவரைத் திருடி என்றது. மாவைத் திருப்பிக் கொடுத்தது. உன் ஆணை கைக்கு வந்து சேரும்வரை அவர் அதைச் சுமந்துகொண்டு நடந்தார். நம் மூன்று பேரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

அவருடைய எண்ணைத் தனியாக அனுப்புகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நிலத்திலிருந்து வந்திருப்பார். காது கொஞ்சம் மந்தம், சத்தமாகப் பேசு. முதலில் அவரிடம் பேசு. என்னிடம் கோபித்துக்கொள்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்.

உன் அம்மா